ஏழாம் பாத்தி காலி இல்லை

என் அண்ணனைப் பற்றி யாராவது "பாவம், எல்லாமே மறந்துபோச்சாமே" என்று உச்சுக்கொட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாம் ஒன்றும் மறக்கவில்லை. எது மறந்தது, எது மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஊருக்கு மின்சாரம் வானத்திலிருந்து வருகிறது. மேலே, இரவென்பதே எட்டாத உயரத்தில், பெரிய பெரிய தகடுகள் வெயிலை வாங்கி, அலையாக மாற்றிக் கீழே அனுப்பும். ஊருக்கு வெளியே கம்பங்களின் மேல் விரித்துக் கட்டிய வலை அதைப் பிடித்து மின்சாரமாக்கும். நடுவில் கம்பி எதுவும் கிடையாது. அதனாலேயே ஆரம்பத்தில் ஊரே அரண்டுபோனது. பால் திரியும் என்றார்கள், முடி கொட்டும் என்றார்கள். அண்ணனுக்கு அப்போதே பாதி வழுக்கை. "கொட்டுறதுக்கு இங்க என்ன இருக்கு?" என்று தலையைத் தடவிக்கொண்டே போய் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

வலைக்கு அடியில் புல் வளரும். நிலத்தை வேலி போட்டுப் பிரித்திருந்ததால், வேலையாட்கள் ஒவ்வொரு பகுதியையும் பாத்தி என்பார்கள். பாத்திக்கு ஓர் ஆள், ஒரு கதவு, கதவுக்கு உட்புறம் ஒரு கம்பத்தில் போன். காலையில் கொஞ்ச நேரம் அலையை நிறுத்துவார்கள். பாத்திக்காரர்கள் உள்ளே போய் அறுந்த இடத்தைத் தைப்பார்கள், குருவிக்கூடு இருந்தால் பதமாக எடுத்து வெளியே மரத்தில் வைப்பார்கள். பிறகு கட்டுப்பாட்டு அறையிலிருந்து நான் வரிசையாகக் கூப்பிட்டுக் கேட்பேன். உள்ளே ஆளோ ஆடோ இல்லையென்றால் "காலி" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து கதவைச் சாத்துவார்கள். எல்லாப் பாத்தியும் காலி என்றால்தான் அலையை அனுப்பச் சொல்லி மேலே தகவல் போகும். ஒருத்தர் "காலி இல்லை" என்று சொன்னாலும் வானம் காத்திருக்கும்.

ஏழாம் பாத்தி அண்ணனுடையது. வீட்டில் நான் அவருக்குப் பாப்பா, போனில் கன்ட்ரோல். தங்கச்சியாச்சே என்று ஒரு வார்த்தை கூடுதலாகப் பேச மாட்டார், அவ்வளவு கறார். ஒருநாள் "காலி இல்லை கன்ட்ரோல்" என்றார். பூனை குட்டி போட்டிருந்ததாம். பொறியாளர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "ஒரு பூனைக்காக ஊரையே நிறுத்துவியாய்யா?" என்று கத்தினார்.

"ஒரு பூனை இல்லை சார். குட்டிங்களும் இருக்கு" என்றார் அண்ணன். குட்டிகளைக் கூடையில் எடுத்து வைத்த பிறகுதான் காலி சொன்னார். அன்று நான் சிரித்த சிரிப்பில் வயிறு புண்ணாகிவிட்டது.

அந்த மனுஷனுக்குத்தான் மறதி வந்தது. முதலில் சாவி, அப்புறம் தெரு, அப்புறம் பேர்கள். வேலையை விட வேண்டியதாயிற்று. ஒரு சாயங்காலம் அண்ணியைப் பார்த்து, "உங்க வீடு எங்கேங்க? இருட்டப்போகுதே" என்று கேட்டார். அண்ணி அழவில்லை. "இங்கேதான், பக்கத்துலதான். மெதுவாப் போய்க்கிறேன்" என்று சொல்லி, அவர் சட்டையில் அறுந்திருந்த பொத்தானைத் தைத்தாள். அழுதது நான்தான், அதுவும் அடுப்படியில் போய்.

காலையானால் வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுவார். ஒருமுறை பெரிய சாலையில் லாரிக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். அவர் மகள் வெளியூரிலிருந்து ஓடிவந்தாள். நல்ல பெண், அவளைக் குறை சொல்ல மாட்டேன். "அப்பாவை அடிபட்ட கோலத்துல பாக்க என்னால முடியாதும்மா. இன்னொரு தடவை வெளியே போனா, முதியோர் இல்லத்துல விட்டுடலாம். அங்க நல்லாப் பாத்துக்குவாங்க" என்றாள். அண்ணி சரி என்றாள். அன்றிலிருந்து அண்ணி தூங்கும்போதுகூட அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள்.

அந்தக் காலையில் நான் பாத்திகளைக் கூப்பிட உட்காரும்போது அண்ணியிடமிருந்து போன். "குளிச்சிட்டு வர்றதுக்குள்ள காணோம்டீ. பொண்ணும் இங்கதான் இருக்கா, அவளும் தேடுறா." "இன்னிக்கே கொண்டுபோய் விடச் சொல்லுவா. நான் சரின்னு வாக்குக் கொடுத்திருக்கேனே."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்னால் பொறியாளர், "கூப்பிடுங்க, நேரமாகுது" என்று உயிரை வாங்கினார். கூப்பிட்டேன். முதல் பாத்தி காலி. இரண்டு, மூன்று, எல்லாம் காலி. ஏழாம் பாத்தியில் போன் வெகுநேரம் அடித்தது. புதிதாய் வந்த பாத்திக்காரி கோடியில் ஏதோ வேலையாய் இருப்பாள் என்று நினைத்தேன். அப்புறம் யாரோ எடுத்தார்கள்.

"கன்ட்ரோல்."

அண்ணனின் குரல். நல்லவேளை, வாயில் வழக்கமான கேள்வி தானாக வந்தது. "ஏழாம் பாத்தி காலியா?"

"காலி இல்லை கன்ட்ரோல். ஓர் ஆள் இருக்கு."

"யாருங்க?"

"தெரியலையே. வயசான ஆளு. வழி தெரியாம வந்திருக்கு போல." கொஞ்சம் யோசித்தார். "அவர் வீட்டம்மா தேடிக்கிட்டு வருவாங்க. வந்து கூட்டிட்டுப் போற வரைக்கும் அலையை அனுப்பாதீங்க."

"அனுப்ப மாட்டோம்ணா," என்றேன். "நீங்க அங்கேயே இருங்க."

பொறியாளர் என்னைப் பார்த்தார். "என்ன சார் முறைக்கிறீங்க? காலி இல்லைன்னா காலி இல்லை!" என்று ஒரு கத்து கத்தினேன். அவர் என் பக்கம் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். ஊர் சேமிப்பு பேட்டரியில் ஓடட்டும், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அண்ணிக்குச் சொல்லிவிட்டு ஓடினேன்.

காவலாளிக்கு அண்ணனை நன்றாகத் தெரியும். என்னைப் பார்க்க வந்திருக்கிறார் என்று நினைத்து உள்ளே விட்டிருக்கிறான். நானும் அண்ணியும் மகளும் போய்ச் சேர்ந்தபோது, அண்ணன் கதவோரம் புல்லில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்தப் புதுப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். அண்ணியைப் பார்த்ததும் அவர் எழுந்து, "வந்துட்டாங்க பாருங்க, நான் சொன்னேன்ல" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னார். அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் சாந்தமாக வெளியே வந்து, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். உள்ளே போனில் இன்னும் காலி சொல்லவில்லையே என்பதுபோல் கை கதவின் மேலேயே நின்றது.

"காலின்னு நான் சொல்லிடறேன்ணா," என்றேன். அதன்பிறகுதான் கையை எடுத்தார்.

அண்ணி மகளைப் பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, "அவர் துணியெல்லாம் எடுத்து வைக்கிறேன்" என்றாள்.

மகள் அந்தத் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எதுக்கும்மா?" என்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. "இது வெளியே போனதுல சேராதும்மா. அப்பா வேலைக்குத்தான் போயிருக்காரு."

வேலைக்குத்தானே கிளம்புகிறார், வேலையை வீட்டுக்கே அனுப்பினால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இப்போது பாத்திகளைக் கூப்பிடுவதற்கு முன்னால் முதல் போன் அண்ணன் வீட்டுக்குத்தான். பொறியாளர் கண்டும் காணாததுபோல் இருக்கிறார். அந்தப் போனுக்காக அண்ணன் காலையில் குளித்து, சட்டை மாட்டி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாராம். கதவுப்பக்கமே போவதில்லை.

"ஏழாம் பாத்தி காலியா?" என்று கேட்பேன்.

"காலி இல்லை கன்ட்ரோல்," என்பார். "ரெண்டு பேர் இருக்கோம். நானும் என் வீட்டம்மாவும்."