தண்ணீர்த் திரையில் ஒரு முகம்

போன வாரம் கொல்லிமலையில் ஒரு கேவலமான காரியம் செய்துவிட்டு வந்தேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

வாசலூர்பட்டி ஏரியில் ஒரு காட்சி. மோட்டார் வைத்துத் தண்ணீரை விசிறி மாதிரி உயரப் பீய்ச்சி, அந்தத் தண்ணீர் மேலேயே படம் ஓட்டுகிறார்கள். வெள்ளைத் திரைக்குப் பதில் ஃபவுண்டன்! மலை மக்களைப் பற்றிய படம். மைக்கில் வர்ணனை — அடியேன். படத்தை முன்கூட்டியே பார்த்துவிடச் சொன்னார்கள். எதற்கு, சமாளிக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

இருட்டத் தொடங்கியதும் ஆரம்பித்தார்கள். அருவி, மிளகுக் கொடி... கூட்டம் வாயைப் பிளந்தது. அடுத்து ஒரு பெண்மணியின் முகம், இரண்டு மாடி உயரத்துக்கு. ஏதோ பேசினார். மோட்டார் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் காற்று. தண்ணீர் சாய, முகமும் சாய்ந்தது. மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். நான் சும்மா இருந்திருக்கலாம் இல்லையா?

"அம்மா டான்ஸ் ஆட ஆரம்பிச்சுட்டாங்க... கை தட்டுங்க!"

முன்வரிசை அதிகாரிகள்கூடச் சிரித்துக்கொண்டே தட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

படம் முடிந்து ஜீப்புகள் கிளம்பின. மேடையை விட்டு இறங்கினால் — அதே முகம்! வெள்ளையம்மா என்று பெயர் சொன்னார். மரவள்ளி போடுகிறவர். நாற்பது வயதிருக்கும்.

"ஏனுங்க, நான் மோட்டாரண்ட நின்னுட்டேன், ஒண்ணுங் கேக்கலீங்க. கை தட்டுனதத்தான் பாத்தேன். நான் சொன்னதக் கேட்டுத்தானுங்க தட்டுனாங்க?"

"என்னம்மா சொன்னீங்க?"

"எங்க ஊருக்கு ரோடு இல்லீங்க. எம்புள்ளைக்குப் பிரசவ வலி... கட்டில்ல வெச்சுத் தூக்கிட்டு வந்தோம். ஆஸ்பத்திரி வர்றதுக்குள்ள போயிட்டாளுங்க. படத்துல சொன்னா ஆபீசருங்க கேப்பாங்கன்னாங்க. அதான் சொன்னேன்."

ஜீப்புகள் போன பாதையைத் திரும்பிப் பார்த்தேன்.

"கேட்டாங்களாங்க?"

"கேட்டாங்கம்மா..." என்றேன்.

கையெடுத்துக் கும்பிட்டார். என்னை!

மன்னிப்புகூடக் கேட்காமல் பஸ் ஏறிவிட்டேன். மலையிறங்கி அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டி வரும்வரை தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருந்தேன். கைக்கு மைக் வந்தால் காது போய்விடுமோ?

அவர் சொன்னதையெல்லாம் எழுதி அந்த அதிகாரிகளுக்கு அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.

அங்கே வெள்ளையம்மா காத்துக்கொண்டிருக்கிறார் — என் பொய்யை நம்பி.