பொலி சொல்லும்வரை

"கங்காணி வேலைக்கு மட்டும் போவாதடா, பொம்பளைங்க சாபம் சும்மா விடாது" என்று சொல்லித்தான் அம்மா என்னைத் தச்சு வேலைக்கு அனுப்பினாள். பதுளையில் முப்பது வருடமாகக் கதவும் கட்டிலும் செய்கிறேன். என் கைக்கு அடங்காத மரம் கிடையாது என்ற திமிரும் உண்டு. அந்தத் திமிரை ஒரு முழப் பலகை அடக்கியது.

எல்ல ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வேலை வாங்கும் கங்காணிகளின் ஏச்சுக்கு நடுவே ஆயுள் முழுக்கக் கொழுந்து பறித்தவள் அம்மா. மறதி நோய் முற்றியதும் எங்களோடு கூட்டி வந்தோம். பேச்சு நின்றுபோனது. கை மட்டும் ஓயவில்லை. முதலில் சேலை நூலைப் பிய்த்தாள், பிறகு தன் முழங்கைத் தோலையே. புண் காய்வதற்குள் மறுபடி கிள்ளுவாள். "கைக்கு ஏதாவது வேலை குடுங்க, இல்லாட்டி கட்டிப்போடத்தான் வேணும்" என்றார் டாக்டர். பெற்றவள் கையைக் கட்டுவதா?

மரத்தில் விளையாட்டுச் சாமான்கள் செய்தேன். கோக்கிற வளையம், அடுக்குகிற கட்டை. எதையும் தொடவில்லை. கடைசியில் பலகையில் வரிசையாகத் துளை போட்டு, பச்சைப் பெயின்ட் அடித்த குச்சிகளை நட்டேன். கொழுந்து மாதிரியே இருந்தது. அம்மா அதைப் பார்த்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா காத்திருந்தாள். மூன்று நாள் இதே கதைதான். கோபத்தில் பலகையை அடுப்பில் வைக்கத் தூக்கினேன்.

என் மனைவியும் தோட்டத்தில் பிறந்தவள். "பொலி சொல்லாம யாருங்க கொழுந்துல கை வைப்பா?" என்றாள்.

உறைத்தது. காலையில் மலையில் கங்காணி 'பொலி' என்று குரல் கொடுக்கும்வரை ஒருத்தியும் ஓர் இலையைக் கிள்ளமாட்டாள். பெண்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பதில், பனியைத் தாண்டி, பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைமடுவம் வரைக்கும் கேட்கும். அதில் அம்மாவின் குரலைக் கண்டுபிடித்த பிறகுதான் என் அழுகை நிற்கும். அதையா மறந்தேன்? வெட்கமாக இருந்தது.

பலகையை அவள் முன்னால் வைத்து, "பொலி" என்றேன்.

"பொலியோ பொலி" என்றாள் அம்மா. ஐந்து மாதம் கழித்துக் கேட்ட குரல். இரண்டு கையாலும் குச்சிகளைப் பறித்துத் தோளுக்குப் பின்னால் எறிந்தாள். அங்கே கூடை இல்லை, வெறும் தரை. நான் அழுதுகொண்டே பொறுக்கி, திரும்ப நட்டேன்.

இப்போது முழங்கைப் புண் ஆறிவிட்டது. தினமும் பலகை காலியானதும் எழுந்து நிற்பாள். மகன் என்று தெரியாமல் என்னிடம் கேட்பாள்: "நாளைக்கும் வேலை இருக்குங்களா, கங்காணி?"

எந்தக் கங்காணியும் அவளுக்குத் தராத மரியாதையோடு நான் சொல்வேன்: "இருக்கு, வாங்க."