இடுப்பெலும்பில் தெரிந்த கறுப்பு

கோயில் ஆத்தாவை நம்பியிருக்கும் எல்லோருக்கும், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நான் சொல்வது இது. சென்ற வருஷம் எனக்கு மார்பில் புற்றுநோய் என்றார்கள். கட்டியை அறுத்து எடுத்தார்கள். அப்புறமும் இடுப்பு வலி விடவில்லை. நோய் எலும்புக்கு இறங்கிவிட்டதா என்று பார்க்க, ஆடி மாதம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இறங்கியிருந்தால் குணப்படுத்துவது கஷ்டமாம். என் மகளுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை.

காலையில் ஊசி போட்டார்கள். கதிர் வீசும் ஓர் உலோகத்தை மருந்தோடு சேர்த்திருக்கிறார்களாம். அது எலும்பில் போய் ஒட்டி, நோய் இருக்கும் இடத்தைப் படத்தில் கறுப்பாகக் காட்டுமாம். நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு மத்தியானம் வரச் சொன்னார்கள். சிங்களத்தில்தான் சொன்னார்கள், எனக்கு நன்றாகவே விளங்கியது. ஆனாலும் குடிக்கவில்லை. கொழுந்து எடுக்கும் மலையில் எங்களுக்குக் கழிவறை ஏது? காலைத் தேத்தண்ணியோடு சரி, சாயங்காலம் வரை வாயை நனைக்காமல் பழகிய உடம்பு. தெரியாத இடத்தில் கழிவறை தேடி அலைய வெட்கம். வந்ததையும் அடக்கிக்கொண்டேன். படம் எடுக்குமுன் போய்விட்டு வந்தீர்களா என்று கேட்டதற்கும் தலையை ஆட்டிவைத்தேன்.

படத்தில் இடுப்புப் பக்கம் ஒரே கறுப்பு. டாக்டர் பார்க்கும்வரை வெளியே இருக்கச் சொன்னார்கள். கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வருஷம் தவறாமல் உனக்குத் தீ மிதித்தேனே, இதுதானா பலன் என்று ஆத்தாவிடமே மனசுக்குள் சண்டை போட்டேன். அழுது ஓய்ந்தபின், “தாயே, எனக்கு வழி தெரியல. நீயே வாயத் தொறந்து பேசு” என்று மட்டும் கேட்டேன்.

ஒரு நர்ஸ் பிள்ளை பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

“எந்த ஊரும்மா?”

“லிந்துலை. கொழுந்து எடுக்கிறேன்.”

“எங்கம்மாவும் கந்தப்பளையில கொழுந்து எடுக்கிறவங்கதான். உண்மையச் சொல்லுங்க. ஊசி போட்டப்புறம் தண்ணி குடிச்சீங்களா?”

“இல்ல பிள்ள. கழிவறைக்கும் போகல” என்று இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன்.

“அம்மாவும் இப்படித்தான். எலும்புல ஒட்டாத மருந்து மூத்திரத்துல போகணும். அடக்கி வச்சா பையிலயே நின்னு எலும்ப மறைச்சிரும். வாங்க, குடிங்க.”

போத்தல் தண்ணீரைக் குடிக்க வைத்து, கழிவறை வாசலில் காவலும் நின்றது அந்தப் பிள்ளை. டாக்டரிடம் சொல்லி மறுபடி படம் எடுத்தார்கள். அந்தக் கறுப்பு போயிருந்தது. நோய் எலும்புக்கு இறங்கவில்லை.

வைத்தியம் இன்னும் முடியவில்லை. முடி கொட்டுகிறது, பயமும் அடிக்கடி வருகிறது. ஆனாலும் ஆத்தாவுக்குக் காது கேட்கும் என்று இப்போது தெரியும். கொழுந்து எடுப்பவளின் மகள் வாயால் அவள் என்னிடம் பேசினாள். அன்றிலிருந்து எங்கள் லயத்து வீடுகளில் இருக்கும் பெண்களிடம் மலைக்குத் தண்ணீர் கொண்டு போகச் சொல்கிறேன். மலையில் கழிவறை வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவரிடமும் நானே போய்க் கேட்டேன்.

கஷ்டத்தில் இருப்பவர்களே, சண்டை போட்டாவது அவளிடம் கேளுங்கள். அவள் யாரையாவது அனுப்புவாள். வந்தவர்கள் கேட்கும்போது உண்மையைச் சொல்லுங்கள். என்னைப் போலத் தலையை ஆட்டிவிடாதீர்கள்.