உரிப்பவன் நிறுத்த மாட்டான்

மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பூலோகத்தைத் தெரியாதவர்கள் குறைவு. ஐம்பத்திரண்டு வயது. தாராவியில் ஒரு தோல்பைப் பட்டறையில் தோல் வெட்டுகிறார். கல்யாண சீசனில் பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிப்பார். அப்படி ஒரு மாப்பிள்ளை ஊர்வலத்தில் அவர் அடியைக் கேட்டுத்தான் சந்திரமௌலி அவரைத் தம் குழுவுக்கு இழுத்துக்கொண்டார். இன்சூரன்ஸ் ஆபீசில் ரிடையரான சந்திரமௌலி, ஊதுகருவிகளும் டிரம்முமாக நாற்பது பேரை வைத்து மேடையில் கச்சேரி செய்கிற பேண்டு ஒன்றை நடத்துகிறார்.

அதே குழுவில் கிளாரினெட் வாசிக்கிற கீதாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பூலோகம். அவள் இசக்கிதுரையின் மகள். இசக்கிதுரையும் பூலோகமும் ஆட்டிறைச்சிக் கூடத்தில் பதினைந்து வருஷம் பக்கத்துப் பக்கத்துக் கொக்கியில் தோல் உரித்தவர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இசக்கிதுரையின் தொடையில் அவன் கத்தியே பாய்ந்தது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடியவர் பூலோகம். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போதே உயிர் போய்விட்டது. கீதாவுக்கு அப்போது ஏழு வயது. பன்னிரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாவற்றுக்கும் அவர்தான் முன்னால் நின்றார். கீதாவின் அம்மா மாரீஸ்வரி தீபாவளிக்கு முதல் பலகாரத் தட்டை அவர் வீட்டுக்குத்தான் அனுப்புவாள்.

இந்த வருஷம் சந்திரமௌலி சொந்தமாக ஓர் இசை எழுதிக்கொண்டு வந்தார். கிரேக்கப் புராணத்திலிருந்து.

"மார்சியாஸ்னு ஒருத்தன். பாதி ஆடு, பாதி மனுஷன். காட்டுல கிடந்த குழலை எடுத்து ஊதக் கத்துண்டான். சங்கீதத்துக்குன்னே ஒரு கடவுள், அப்பல்லோன்னு பேர். அவர்கிட்டயே போட்டிக்குப் போய்த் தோத்துட்டான். ஜெயிச்சவர் என்ன பண்ணினார்? இவனை மரத்துல கட்டித் தொங்கவிட்டு, உயிரோட தோலை உரிச்சுட்டார்."

"ஒரு போட்டிக்கா சார்?" என்றார் பூலோகம்.

"போட்டிக்குத்தான்."

கடைசிப் பகுதி உரிப்பது. கத்தி வீச்சு மாதிரி ஏழு டிரம் அடி. ஏழாவது அடியில் கிளாரினெட் அலற வேண்டும். அலறியதும் டிரம் நிற்க வேண்டும். இதுதான் எழுதியிருந்தது. பூலோகம் குச்சியைக் கீழே வைத்தார்.

"கத்தின்னு எழுதியிருக்கீங்க சார். கணுக்கால்ல ஒரு கீறல் போடுததோட கத்தி வேலை முடிஞ்சுது. அதை இடுப்புல சொருகிரணும். பொறவு முஷ்டிதான். தோலுக்கும் சதைக்கும் ஊடால கைய விட்டுக் குத்திக் குத்திப் பிரிக்கணும். கத்தி பட்டா ஓட்டை விழுந்துரும், தோல் வெலைக்கு ஆவாது."

பஞ்சு சுற்றிய கோலை எடுத்து மெதுவாக அடித்துக் காட்டினார். தொம். தொம். ஈரமான ஓசை. புல்லாங்குழல்காரப் பெண் முகத்தைச் சுளித்தாள்.

"படுபாவி மனுஷன்யா நீர்!" என்று சந்திரமௌலி சிரித்துக்கொண்டே தம் தாளில் அடித்துத் திருத்தினார்.

ஆனால் ஒத்திகையில் ஒன்று சரிவரவில்லை. கீதா அலறிய பிறகும் பூலோகத்தின் கை நிற்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டே இருந்தது. மூன்று வாரமும் இதே கதை.

"அவன் கத்தியாச்சு பூலோகம், ஸ்டாப்!"

"உரிக்கவன் நிப்பாட்ட மாட்டான் சார்."

"நான் எழுதினதுல நிப்பாட்டுவான். இல்லேன்னா சொல்லும், சின்ன டிரம் அடிக்கற நகுல்கிட்ட உம்ம டிரம்மைக் குடுத்துடறேன்."

அன்று சாயங்காலம் கீதாவும் அவரும் ரயில் பாலத்தின் மேல் நடந்து வந்தார்கள்.

"பெரியப்பா, நான் கத்துனது காதுல விழலையா?"

"விழுந்துது."

"பின்னே ஏன் அடிக்கிய? டிரம் போயிட்டா என்ன செய்விய?"

கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். சொன்னால் லேபர் கேம்ப்பில் கீதா வீட்டு வாசல் இனி தமக்கில்லை என்று அவருக்குத் தெரியும்.

"ஒங்கப்பனும் நானும் அன்னைக்குப் போட்டி போட்டோம். பத்து ஆடு. தோத்தவன் எல்லாருக்கும் வடாபாவ் வாங்கித் தரணும். நான் பத்தாவதுல இருந்தேன், அவன் ஒம்பதுல. கத்தியச் சொருகுத நேரத்த மிச்சம் புடிக்க, இடது கையில வச்சுக்கிட்டே வலது கையால குத்துனான். கத்தி வழுக்கித் தொடையில பாஞ்சிட்டு. கத்துனான்."

"தெரியும். நீங்க ஓடிப்போய்த் தூக்குனிய."

"ஒடனே தூக்கலம்மா. எனக்குப் பாதித் தோல் தொங்கிச்சு. ஒம்பது குத்து குத்தி, முழுசாப் பிரிச்சு இழுத்துப் போட்டுட்டுத்தான் திரும்புனேன்."

"அப்பா விளையாட்டுக்குக் கத்துதாருன்னு நெனச்சிருப்பிய."

"அப்படித்தான் எல்லார்ட்டயும் சொல்லணும்னு வச்சிருந்தேன். யாரும் கேக்கல." கீழே தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "ரெண்டாவது குத்துலயே ரத்தம் என் காலுக்கு வந்துட்டு. கொக்கியில தொங்குத ஆட்டுக்கு ரத்தம் எல்லாம் வடிஞ்சிருக்கும், மிச்சம் இருந்தாலும் ஆறிப்போயிருக்கும். இது சுட்டுது. ஜெயிக்கணும்னு இருந்துது எனக்கு."

கீதா கிளாரினெட் பெட்டியைத் தூக்கி அவர் முகத்தில் அடித்தாள். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். இரண்டாவது அடி காதில் விழுந்தது. போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று என்ன ஆயிற்று என்று கேட்டார்கள்.

"அரே, க்யா ஹுவா?"

"குச் நஹி, ஒண்ணுமில்ல," என்றார் பூலோகம் வாயைப் பொத்திக்கொண்டு.

கீதாவுக்கு மூச்சு வாங்கியது. "ஞாயித்துக்கிழமை கச்சேரியில ஒம்பதும் அடிங்க. அப்பா எவ்வளவு நேரம் கத்துனாருன்னு எனக்குத் தெரியணும்."

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா ஹாலில் மூன்றாவது வரிசையில் மாரீஸ்வரி இருந்தாள். உரிக்கிற இடம் வந்தது. கீதா அலறினாள். சந்திரமௌலி கையை இறக்கினார். மற்றவர்கள் எல்லாரும் வாசிப்பதை நிறுத்தினார்கள். பூலோகம் மட்டும் அடித்தார். தொம். கீதாவும் நிறுத்தவில்லை. சந்திரமௌலி வெறும் கையால் காற்றை வெட்டிப் பார்த்தார், பல்லைக் கடித்தார், பிறகு சும்மா நின்றார். சபையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. கீதாவின் கழுத்து நரம்பு புடைத்து, கண்ணில் நீர் வழிந்தது. ஆறாவது அடியில் அவள் மூச்சு தீர்ந்துவிட்டது. மீதி மூன்றையும் பூலோகம் தனியாக அடித்தார்.

கைதட்டல் வர நேரமாயிற்று. மேடைக்குப் பின்னால் மாரீஸ்வரி வேகமாக வந்தாள்.

"என்ன அத்தான் இது, உதட்டுல தையல்? நாலு நாளா வீட்டுப் பக்கமும் காணோம்! ஏட்டி, நீயாவது சொல்லப்படாதா?"

கீதா கிளாரினெட்டைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அவரே சொல்லுவாரு."

சந்திரமௌலி திட்டுவதற்காக வந்தவர், மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பூலோகம் டிரம்மின் மேல் வைத்திருந்த கையை எடுத்தார்.

"மாரீஸ்வரி, அன்னைக்கு அவன் கத்துன ஒடனே நான் திரும்பல," என்றார்.