குணாளனைக் கூப்பிட வந்தவர்

செய்தியைச் சொன்னவள் கவிதா. ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூர் பொங்கோலில் என் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கைத்தொலைபேசியை எடுத்ததும், "ஆன்ட்டி, சித்தப்பா தவறிட்டாரு. ஈப்போலேருந்து இப்பதான் கூப்பிட்டாங்க" என்றாள். நெஞ்சு வலிக்கிறது என்று தானே காரை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். வாசலில் ஒழுங்காக நிறுத்தி, எஞ்சினையும் அணைத்திருக்கிறார். இறங்கவில்லை.

தியாகுவுக்கு அறுபது வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன்புவரை தனக்குச் சித்தப்பா என்று ஒருவர் இருப்பதே கவிதாவுக்குத் தெரியாது. அவர்கள் இருவரும் சந்தித்ததில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. மைதானங்களில் அவரைப் பார்த்து, வணக்கம் சொல்லி, பெயரளவில் மட்டும் பழகிய பலர் இதைப் படிப்பீர்கள். அவர் முதலில் எதற்காக வந்தார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

வார நாட்களில் நான் ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்ப்பவள். வார இறுதிகளில் ஒரு காற்பந்து மைதானத்தில் அறிவிப்பாளர். கோல் போட்டவர் பெயர், வழியை மறித்து நிற்கும் காரின் எண், பெற்றோரைத் தொலைத்துவிட்டு அழும் பிள்ளைகள், இவைதான் என் ஒலிபெருக்கியில் வருபவை. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலை பெண்கள் ஆட்டம். தொடங்குவதற்குச் சற்று முன், கசங்கிய சட்டையும் தோளில் பயணப் பையுமாக ஒருவர் என் கண்ணாடி அறையின் கதவைத் தட்டினார்.

"அக்கா, ஒரு ஆளக் கூப்பிடணும். மைக்ல சொல்வீங்களா?"

"காணாமப் போயிட்டாங்களா? என்ன வயசு?"

"அறுபத்தொண்ணு நடக்குது."

மறதி நோய் உள்ள யாரையோ கூட்டத்தில் தவறவிட்டுவிட்டார் என்று எண்ணி, பேனாவை எடுத்தேன். "எத்தன மணியிலேருந்து காணோம்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "முப்பத்திரெண்டு வருஷமா, அக்கா."

முகத்தில் விளையாட்டு இல்லை. நின்றபடியே சொன்னார். அண்ணன் பெயர் குணாளன். மலேசியாவின் ஈப்போவில் ஒரு குழுவுக்குக் கோல்காவலராக ஆடியவர். அப்பாவோடு ஒரு நாள் வாய்ச்சண்டை முற்றி, பையை எடுத்துக்கொண்டு வெளியேறியவர் திரும்பவில்லை. தாய்லாந்தின் ஹட்யாயிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒன்றும் இல்லை.

"எங்க இருந்தாலும் அவன் மேட்ச் பாக்காம இருக்க மாட்டான்லா," என்றார். அதனால் மின்சார வேலை பார்த்துவந்த தியாகு, விடுப்பு கிடைக்கும்போதெல்லாம் ஹட்யாய் தொடங்கி ஊர் ஊராகக் காரை ஓட்டிக்கொண்டு மைதானங்களுக்குப் போனார். ஒவ்வொன்றிலும் அண்ணன் பெயரைக் கூப்பிடச் சொன்னார். சிங்கப்பூர் அவர் பட்டியலிலேயே இல்லை. மறுநாள் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்குப் படகு ஏறி, அங்கிருந்து சுமத்ரா மைதானங்களுக்குப் போவதாகத் திட்டம். இங்கே லிட்டில் இந்தியாவில் ஒரே ஒரு நாள் தங்கல். "வந்தது வந்தோம், இங்கயும் ஒருவாட்டி கூப்பிட்டுட்டுப் போயிரலாம்னு."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் கொடுத்த துண்டுக் காகிதத்தை மேசைமேல் வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் பாதியில் ஒரு பெண்ணுக்குக் கணுக்காலில் அடிபட்டு ஆட்டம் நின்றது. அந்த இடைவெளியில் படித்தேன். "ஈப்போ சின்னையாவின் மகன் குணாளன், உங்கள் தம்பி தியாகு மூன்றாம் வாசலில் காத்திருக்கிறார்." இரண்டு முறை சொன்னேன்.

என் அறையிலிருந்து எல்லாம் தெரியும். தியாகு மூன்றாம் வாசலருகே, திடலுக்கு முதுகைக் காட்டி நின்றபடி, வரிசை வரிசையாக முகங்களைத் தேடிக்கொண்டிருந்தார். ஆண்களில் யாரும் எழவில்லை. ஆனால் திடலில், கோல் கம்பத்தின் நடுவே நின்ற பெண் திரும்பினாள். தலையை உயர்த்தி நேராக என் கண்ணாடியைப் பார்த்தாள். நடுவர் விசில் ஊதிய பிறகும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஆட்டக்காரர் பட்டியலைக் குனிந்து பார்த்தேன். முதலாம் எண். தொடக்கத்தில் நான் "கவிதா" என்று மட்டும்தான் வாசித்திருந்தேன். முழுப்பெயர் தாளில் இருந்தது: கவிதா, தந்தை குணாளன். அந்தத் தாளும் தியாகுவின் துண்டுக் காகிதமும் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக என் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்திருக்கின்றன.

ஒலிபெருக்கியைச் சக ஊழியரிடம் கொடுத்துவிட்டுப் படியிறங்கி ஓடினேன். எனக்கு முன்பே ஓர் அம்மாள் மூன்றாம் வாசலுக்கு வந்திருந்தார். கவிதாவின் தாய் வசந்தா. பத்தடி தள்ளியே நின்றுவிட்டார். தியாகு எங்களைக் கவனிக்கவில்லை. ஒரு கை இடுப்பில், உடலின் பாரம் முழுதும் இடது காலில், வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முதுகைப் பார்த்து வசந்தா மெல்லிய குரலில் கேட்டார்.

"நீங்க எதுக்கு வந்தீங்க இங்க?"

வீட்டில் கணவரிடம் பேசும் குரல் அது. தியாகு திரும்பினார். வசந்தா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அவரிடம் பேசாமல் என்னிடம் சொன்னார்: "என் வீட்டுக்காரர் தவறி ஒன்பது வருஷம் ஆச்சும்மா. அவரு மாதிரியே நிக்கிற இவரு யாரு?"

மறுநாள் காலை தியாகுவைப் பாசிர் ரிஸ்ஸில் வசந்தாவின் வீட்டுக்கு அழைத்துப் போவதாக நான் ஒப்புக்கொண்டிருந்தேன். சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் இருந்த தோசை விறைத்துப்போயிருந்தது.

"நான் வரல அக்கா. செத்தவன் வீட்டுக்குப் போயி என்னத்தப் பேச?"

"உங்க அண்ணன் பொண்ணு ராத்திரியெல்லாம் தூங்கலயாம். அவ கேக்குறதுக்குப் பதில் சொல்ல வேற யாரு இருக்கா?"

எழுந்து வந்தார். எம்ஆர்டி ரயிலில் இருக்கைகள் காலியாக இருந்தும் கடைசிவரை நின்றுகொண்டே வந்தார்.

வீட்டின் கூடத்தில் குணாளனின் படம் மாலையோடு இருந்தது. தியாகு அதை நிமிர்ந்து பார்ப்பதற்குள் அடுக்களைப் பக்கமிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது. கரகரப்பான, நடுவயதுக் குரல்.

"தியாகு, பந்தப் பாரு. என்னப் பாக்காத."

தியாகு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்படாதீங்க, கிளிதான்," என்றார் வசந்தா. சாம்பல் நிறக் கிளி ஒன்று கூண்டில் இருந்தது. "அவரு வளத்தது. அவரு குரல் அப்படியே. தெனம் இதையேதான் சொல்லிக் குடுப்பாரு. யாருங்க தியாகுன்னு கேட்டா, யாரும் இல்ல, சும்மான்னுடுவாரு. அவரு போன பிறகும் இது நிறுத்தல."

ஈப்போவில் வீட்டுக்குப் பின்னால் இருந்த சந்தில், அண்ணன் உதைக்கும் பந்தைத் தம்பி பிடிக்க வேண்டும். தியாகு எப்போதும் அண்ணன் முகத்தையே பார்த்துக் கோட்டை விடுவாராம். அப்போது சொன்ன வார்த்தை அது. அன்று மாலைவரை அவர் கூண்டின் எதிரே ஒரு நாற்காலியில் இருந்தார். கிளி ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "சரிண்ணே" என்றார். கவிதா சித்தப்பாவின் காலருகே தரையில் அமர்ந்திருந்தாள். ஹட்யாயிலிருந்து போட்ட கடிதத்துக்குப் பிறகு குணாளன் ஏன் இன்னொன்று போடவில்லை என்று வசந்தாவிடம் தியாகு கேட்கவில்லை.

கிளம்பும்போது அவர் கேட்டது ஒன்றுதான். "அடுத்த மேட்ச் எப்பம்மா உனக்கு?"

ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது என்னிடம் சொன்னார்: "இத்தன வருஷத்துல ஒரு மேட்ச்சும் நான் பாத்ததே இல்ல அக்கா. கூட்டத்தத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். நேத்து என் அண்ணன் மக கோல் நின்னுருக்கா. நான் முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறேன்."

பாத்தாமுக்குப் போகவில்லை. அதன் பிறகு வந்த மூன்று ஆண்டுகளில்தான் உங்களில் பெரும்பாலோர் அவரை அறிந்தீர்கள்: கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து தொண்டை கட்டும்வரை கத்தும் ஈப்போக்காரராக. நடுவரைத் திட்டியதற்காக இரண்டு முறை அவரை அமைதியாக இருக்கும்படி நானே ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி திட்டுவார்.

அவருக்குக் கொள்ளி வைத்தவள் கவிதா. பெண்பிள்ளையா என்று தயங்கிய உறவினர்களிடம், "எங்கப்பாவுக்கும் நான்தான் வெச்சேன்" என்றாளாம்.

சென்ற வாரம் பாசிர் ரிஸ்ஸுக்குப் போயிருந்தேன். கிளி இன்னமும் தியாகுவைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறது. தாங்க முடியாமல் வசந்தா கூண்டின்மேல் ஒரு போர்வையைப் போட்டிருக்கிறார். நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. யாரோ பதில் சொல்லப்போகிறார் என்பதுபோலக் கிளி சற்று நேரம் சும்மா இருந்தது. பிறகு மறுபடி கூப்பிட்டது.

என்னிடம் இருப்பது தியாகு அனுப்பிய ஒரு குரல்பதிவு. சென்ற ஆண்டு கவிதாவின் குழு ஈப்போவுக்கு ஆடப் போயிருந்தது; நான் போக முடியவில்லை. கூட்டத்தின் இரைச்சலை அளந்து பழகியவை என் காதுகள். அந்தப் பதிவில் கூட்டமே இல்லை. மழை பெய்கிறது, பந்து கையுறையில் மோதும் சத்தம் கேட்கிறது, காலியான மைதானத்தில் ஒரே ஒரு மனிதர் மூச்சு வாங்கக் கத்துகிறார்: "புடிச்சிட்டா! அக்கா, பெனால்ட்டியப் புடிச்சிட்டா! நான் பாத்தேன் அக்கா, கண்ண எடுக்காமப் பாத்தேன்!"