வாட்டம் பார்த்த வீடு

சாவித்திரி கல்யாணமாகிப் பட்டாபிராமுக்கு வந்தபோது அந்த வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மகள் பிறந்து, வளர்ந்து, கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகும் கட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். 'இருந்தார்கள்' என்பது ஒரு பேச்சுக்கு. கட்டியது ஒரே ஆள், அவள் புருஷன் ஏகாம்பரம். மண்ணூர்பேட்டையில் தகடு அடிக்கிற ஒரு பிரஸ் ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். இன்ஜினியர் என்றாலே அவருக்கு ஆகாது. மேஸ்திரி வைத்தால் கூடவே நின்று குறை சொல்லுவார். இரண்டு நாளில் அந்த ஆள் கரண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விடுவான். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இவரே இறங்கிவிடுவார்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு வாட்டம் பார்க்கத் தெரியும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும் என்று தரையைப் பார்த்தே சொல்லிவிடுவார். தெருவில் யார் வீட்டு மொட்டைமாடியில் தண்ணீர் நின்றாலும் ஏகாம்பரத்தைத்தான் கூப்பிடுவார்கள். போய், ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, அது போகிற போக்கைப் பார்த்து, கட்டியவனைக் கண்டபடி திட்டி, காபியும் குடித்துவிட்டு வருவார். பெண்டாட்டியின் முகவாட்டம் மட்டும் அந்தக் கண்ணில் பட்டதே இல்லை.

சாவித்திரி அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. வீட்டுக்குள்ளே ஒரு பாத்ரூம். குளிக்கிற இடமும் கக்கூஸும் கொல்லையில், கிணற்றைத் தாண்டி இருந்தன. தகரக் கதவு. மழைக்காலத்தில் கணுக்கால் தண்ணீரில் ஒரு கையில் குடை, ஒரு கையில் டார்ச், பாம்பு பயம் வேறு. பிள்ளை பெற்ற உடம்போடும் அப்படித்தான் போனாள், காய்ச்சலோடும் அப்படித்தான் போனாள். கேட்கும்போதெல்லாம் அவர் முடியாது என்று சொன்னதில்லை. ஹாலுக்குத் தளம் போட்டதும் செய்யலாம் என்றார். அப்புறம் காம்பவுண்டு முடியட்டும் என்றார். அதற்குள் ரோட்டை உயர்த்திப் போட்டுவிட்டார்கள், வீடு பள்ளத்தில் போய்விட்டது. முதலில் அதற்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்றார்.

பண்ணியதோ மாடி. வாடகைக்கு விட. ஐ.டி. கம்பெனிக்காரர்கள் பெட்ரூமுக்கு ஒன்று இருந்தால்தான் வருவார்கள் என்று இரண்டு பாத்ரூம், டைல்ஸ், கீஸர், எல்லாம் வைத்தார். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கிருஷ்ணப்பிரியா என்ற பெண்ணும் அவள் கணவனும் குடிவந்தார்கள். மேலே இரண்டு பேருக்கு இரண்டு பாத்ரூம். கீழே வீட்டுக்காரி டார்ச்சோடு கொல்லைக்கு. ஒரு மழைநாளில் அந்தப் பெண் பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு, வேண்டுமானால் மேலே வந்து போங்கள் ஆன்ட்டி என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். சாவித்திரிக்கு உடம்பெல்லாம் கூசியது. சொந்த வீட்டில் குடித்தனக்காரி பார்த்துப் பரிதாபப்படுகிற அளவுக்கு வந்துவிட்டோமே என்று அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போன கார்த்திகை மழையில் கொல்லைப் பாசியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து, வாக்கரைக் கையில் கொடுத்து, இனிமேல் படி ஏறுவது கஷ்டம், சமதரையில்தான் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்ன நேரத்தில் ஏகாம்பரம் வார்டு பாத்ரூமில் இருந்தார். அங்கே மூலையில் தண்ணீர் தேங்குகிறது என்று துப்புரவு செய்கிற அம்மாவிடம் விளக்கிக்கொண்டிருந்தார்.

மகள் ரோஷினி அம்மாவை நசரத்பேட்டையில் இருக்கிற தன் ஃப்ளாட்டுக்கு அழைத்துப் போனாள். படுக்கையிலிருந்து பாத்ரூம் நாலு எட்டு. சமமான தரை, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி. முதல்நாள் சாவித்திரி கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்து அழுதாள். வலியில் அழுகிறாள் என்று ரோஷினி நினைத்துக்கொண்டாள்.

ஏகாம்பரம் அங்கே அதிகம் வரவில்லை. ஒருநாள் போன் செய்தார்.

"பாத்ரூம் கட்டிகினு கீறேன்மே. உள்ளாறயே. உனுக்குத்தான்."

அந்த 'உனுக்குத்தான்' அவளை என்னவோ செய்துவிட்டது. அந்த வீட்டில் இத்தனை வருஷத்தில் அவளுக்கென்று ஒரு செங்கல் வைத்ததில்லை. லிஃப்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம், எங்க வீட்டுக்காரர் எனக்காக பாத்ரூம் கட்டுகிறார் என்று சொன்னாள். இங்கேயே இரு என்று ரோஷினி எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. தை பிறந்ததும் கிளம்பிவிட்டாள்.

வீட்டில் பாத்ரூம் கதவுக்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார் மனுஷர். கொல்லையிலிருந்ததை இடித்து, அந்த இடத்தில் செப்டிக் டேங்க் கட்டியிருந்தார். ஹாலின் பின்மூலையில் புதுக் கதவைத் திறந்து காட்டினார். மேல்வரைக்கும் நீல டைல்ஸ். உட்காருகிற கக்கூஸ், கீஸர், காற்றை வெளியே தள்ளுகிற ஃபேன். எல்லாம் இருந்தது. கதவுக்கு முன்னால் மூன்று படிகளும் இருந்தன. இடம் பற்றாமல் செங்குத்தாக வைத்த படிகள்.

சாவித்திரி வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். வீடு பள்ளத்தில் இருக்கிறது. மழைக்காலத்தில் டேங்க் ரொம்பினால் எல்லாம் உள்ளேயே எதிர்த்துக்கொண்டு வரும், இந்த ஏரியாவில் பாதி வீட்டில் அந்தக் கூத்துதான். அதனால் டேங்க்கையே தரைக்கு மேலே தூக்கிக் கட்டிவிட்டார். டேங்க் உயர்ந்தால் குழாய் உயரவேண்டும், குழாய்க்கு வாட்டம் வேண்டும், ஆகவே பாத்ரூம் அதற்கும் மேலே. சொல்லிவிட்டு மேலே ஏறி ஒரு பக்கெட் தண்ணீரைக் கவிழ்த்தார். தண்ணீர் சர்ரென்று ஓடி மறைந்தது.

"பாத்தியா, ஒரு சொட்டு நிக்கல."

"நான் எப்டிய்யா ஏறுவேன்?"

அவர் படியைப் பார்த்தார், வாக்கரைப் பார்த்தார். சத்தியமாக அது அவருக்குத் தோன்றவே இல்லை. தண்ணீர் இறங்குகிற வழியை மட்டும்தான் யோசித்திருந்தார். மெதுவாக ஏறினால் பழகிவிடும் என்றார். பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தார். இரண்டாவது படியில் அவளுடைய கால் வெடவெடவென்று நடுங்கியது. அப்படியே புடவையெல்லாம் நனைந்துபோனது. இத்தனை வருஷம் மழையிலும் இருட்டிலும் ஓடி ஓடிக் காப்பாற்றிய மானம் நடுஹாலில் போயிற்று.

இடித்துத் தாழ்த்திவிடு என்று கேட்டாள். அப்படியானால் டேங்க்கையும் இடிக்க வேண்டும், மழை வந்தால் வீட்டில் இருக்க முடியாது என்றார். அவர் சொன்னதில் தப்பே கண்டுபிடிக்க முடியாது. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ரோஷினி வந்து அப்பாவைக் கிழி கிழியென்று கிழித்துவிட்டு, அம்மா உட்காருவதற்குச் சட்டி வைத்த நாற்காலி ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டுப் போனாள். பெட்ரூமில் கட்டிலும் பீரோவும் போக இடமில்லை. ஹால் மூலையில், அந்தப் படிகளுக்குப் பக்கத்திலேயே போட்டு, குறுக்கே ஒரு பழைய புடவையைக் கட்டினார்கள்.

அவளை நலம் விசாரிக்க வருகிறவர்களுக்கு ஏகாம்பரம் பாத்ரூமைச் சுற்றிக் காட்டுவார். பக்கெட் தண்ணீரைக் கவிழ்ப்பார். இந்த மாதிரி ஃபினிஷிங்கை எந்த இன்ஜினியர் கொடுப்பான் என்று அவர்களும் சொல்வார்கள். ஒருதரம் புடவைக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருக்கும்போதே இரண்டு பேரை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். அவர்கள் போகிறவரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சத்தம் காட்டாமல் அப்படியே இருந்தாள். அதிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

சட்டியை எடுத்துப் போய் அந்தப் பாத்ரூமில் கொட்டுவது ஏகாம்பரம்தான். வேறு ஆள் ஏது? காலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுப்பார். ஆரம்பத்தில் அவள் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்வாள். இப்போது மூடுவதில்லை. புடவையை விலக்கிவிட்டு, அவர் ஏறுவதை ஒவ்வொரு படியாகப் பார்க்கிறாள். ஒருநாள், கால் தடுக்கி விழட்டுமே என்று மனசுக்குள் நினைத்தாள். நினைத்துவிட்டு, கட்டின புருஷனைப் பற்றி இப்படியா நினைப்பது என்று பயந்துபோனாள். பயத்தில் வாய் தானாகப் பேசியது.

"பாத்து ஏறுய்யா. படி ஒசரமா கீது."

அவர் சட்டியை இரண்டாவது படியில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஒரு கையால் முட்டியை அழுத்திக்கொண்டுதான் அடுத்த காலைத் தூக்கி வைக்க முடிந்தது. அவருக்கும் முட்டியில் வலி ஆரம்பித்துவிட்டது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.