கல்யாணப் பட்டுப்புடவையை மடித்த அதிகாரி

மட்டாஞ்சேரியில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் கட்சிக்காரர். டெல்லியில் ஆள்கிறவர்களுக்கு எதிர்க்கட்சி. அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தபோது பணம் பதுக்கியதாகப் பராதி, அதாவது புகார், என்று மத்திய அதிகாரிகள் அவர் வீட்டில் சோதனை போட வந்தார்கள். சாட்சிக்கு அக்கம்பக்கத்தார் வேண்டுமாம். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் என்று கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள்.

எல்லாரும் சாமான்களைக் கலைத்துப் போட்டுக்கொண்டே போனார்கள். நரைத்த மீசைக்காரர் ஒருவர் மட்டும் எடுத்ததை எடுத்த இடத்திலேயே வைத்தார். என்னைப் போலத் தமிழர்தான்.

அவர் அலமாரியிலிருந்து பட்டுப்புடவையை எடுத்ததும் வீட்டுக்காரச் சேச்சி, "கல்யாணப் புடவையாணு சாரே" என்று மலையாளத்தில் சொல்லி அழுதுவிட்டாள். அவர் அதை உதறிப் பார்த்துவிட்டு, பழைய மடிப்பிலேயே நீவி மடித்தார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, மெல்லக் கேட்டுவிட்டேன்.

"சாரே, பஜார் முக்குல இருக்கிறவர் மேலயும் இதே பராதி உண்டே. அவர் டெல்லிக் கட்சிக்கு மாறிட்டாரு. அங்கயும் போவீங்களா?"

அவர் கை நின்றது.

"அங்கயும் போகணும்னு நானும் எழுதிக் கொடுத்தேம்மா. இங்கதான் அனுப்பினாங்க."

"வர மாட்டேன்னு சொல்லக் கூடாதா?"

"சொன்னா வேற ஆள் வருவான். அவன் மடிச்சு வைக்க மாட்டான்மா."

ஒன்றும் கிடைக்காமல் போனார்கள். ஆனால் டிவியில் வீட்டைக் காட்டிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவரை நல்லவர் என்பதா, வேறென்ன சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அந்தப் பட்டு அவர் மடித்துவைத்தபடியே அலமாரியில் இருக்கிறது.